விடிவெள்ளியின் ஏழாம் எண்

சுங்கை வே
12 ஜூன் 2025

சஹருக்கு,

நான் ரமணி. எந்த ரமணி என்று கேட்டுவிடாதே. விடிவெள்ளி பெண்கள் அணியின் கோல் கீப்பர், உன் பெயரைக் கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போன ரமணி.

'நீங்கள்' என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். முப்பத்தைந்து வருடம் பேசாமல் இருந்தவளை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் பழையபடியே எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் பதிலில் திட்டு.

நம் நல்லம்மாள் உன்னை மேரு பாசாரில் பார்த்ததாகச் சொன்னாள். உன் முகவரியை விசாரித்து வாங்கித் தந்தவளும் அவள்தான். போன் நம்பரும் தந்தாள். நான் கூப்பிடவில்லை. என் குரலைக் கேட்டதும் நீ பட்டென்று வைத்துவிட்டால் அதோடு முடிந்தது. கடிதத்தைக் கிழித்துப் போடுவதென்றாலும் ஒரு தடவை கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்?

விஷயத்துக்கு வருகிறேன். கழகத்துக்கு இந்த வருடம் ஐம்பது வயது. ஆகஸ்ட் 31 அன்று ஷா ஆலமில் ஒரு வாடகைத் திடலில் விழா ஆட்டம். நம் படாங் எப்போதோ போய்விட்டது, நாம் பந்து உதைத்த இடத்தில் இப்போது மாடி மாடியாகக் கார் நிற்கிறது. விழாவுக்கு மலர் ஒன்றும் போடுகிறோம். கழக வரலாற்றை எழுதுகிறவர் பரமேஸ்வரன். ரிசர்வ் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்தே பேண்ட் கிழிந்துபோன அதே பரமேஸ்வரன், இப்போது கழகத் தலைவர்! எழுத உட்கார்ந்தால் ஆள் நிறுத்த மாட்டேன் என்கிறார். ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன்கள் சேர்ந்து கழகத்தை ஆரம்பித்தது, உன் வாப்பா ஜெய்னுதீன் பாய் கடையில் விலைபோகாமல் கிடந்த மஞ்சள் துணியை எடுத்து முதல் சட்டை தைத்தது, அதனாலேயே இன்றுவரை நாம் மஞ்சளாக இருப்பது, எல்லாம் பக்கம் பக்கமாக வந்திருக்கிறது.

நம்மைப் பற்றி இவ்வளவுதான்: "1988 முதல் 1990 வரை தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களின் அணி ஒன்றும் இயங்கியது. ஆட்டக்காரர் ஒருவர் இறுதி ஆட்டத்துக்கு வராததால் அணி தோற்றுக் கலைந்தது."

"என்ன பரமு இது?" என்றேன்.

"அதானக்கா நடந்துச்சு? இல்லன்னு சொல்லுங்க, மாத்திடறேன்" என்றார்.

நடந்தது அதுதான். ஆனாலும் அந்த வரியோடு மலரை அச்சுக்கு விட எனக்கு மனசில்லை.

இன்னொன்று. போன வருடம் பெண்கள் அணியை மறுபடி தொடங்கியிருக்கிறோம். பயிற்சி கொடுப்பது நான்தான். அதாவது ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்துவது. விஷ்ணுப்ரியா என்று ஒருத்தி இருக்கிறாள், இடது கால்காரி. ஏழாம் எண் கேட்கிறாள். கழக வழக்கம் உனக்கு மறந்திருக்காது. போகிறவர் தன் சட்டையைத் திடலில் வைத்து அடுத்தவர் கையில் கொடுத்தால்தான் எண் மாறும். அதுவரை அந்த எண்ணை யாரும் போடக்கூடாது. சிங்கப்பூருக்குப் போன ராஜன் திரும்பி வந்து கொடுக்கும்வரை ஆண்கள் அணியில் நாலாம் எண்ணே இல்லை. பாலன் இறந்தபோது அவன் அம்மா வந்து கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? ஏழாம் எண் சட்டை உன்னிடம் இருக்கிறது. அந்தப் பெண் பதினேழைப் போட்டுக்கொண்டு ஆடுகிறாள்.

வந்து கொடுப்பாயா? சட்டையை எரித்துவிட்டாய் என்றால் அதையாவது எழுது.

ரமணி


786
மேரு, கிள்ளான்
23 ஜூன் 2025

திருமதி ரமணி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இறைவன் அருளால் இருக்கிறோம். என் கணவர் ஜாகிருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. பேச்சு மெல்ல மெல்ல வருகிறது. மகளும் மருமகனும் சாப்பாட்டுக் கடையைப் பார்த்துக்கொள்கிறார்கள். நான் அவரைப் பார்த்துக்கொள்கிறேன்.

"ஆட்டக்காரர் ஒருவர் வராததால்" என்று எழுதியிருக்கிறார்களா? நல்லது. அந்த ஆட்டக்காரரை ஏற்றிக்கொள்ளாமல் போன வேனைப் பற்றியும் இரண்டு வார்த்தை போடச் சொல்லுங்கள். ஐம்பது வருட வரலாறு என்றால் எல்லாமும் வர வேண்டும் அல்லவா?

உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. எனக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் வாப்பா, "இனிமே பந்து வேணாம்மா, மாப்பிள்ளை வீட்டுல ஒரு மாதிரி நினைப்பாங்க" என்று சொல்லிவிட்டார்கள். கிள்ளானில் இறுதி ஆட்டம் மெர்டேக்கா சுதந்திர நாளன்று, வெள்ளிக்கிழமை. ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை கேட் அருகே நின்று உங்களிடம் என்ன சொன்னேன்? "வாப்பா ஜும்மா தொழப் போவாங்க. அந்த நேரம்தான் நான் கெளம்ப முடியும். பின்கட்டு அடுப்படியில ரெடியா இருப்பேன். ஹார்ன் அடிச்சதும் ஒரே ஓட்டமா வந்துடறேன்" என்றேன். "நான் இருக்கேன்லா, நீ வா" என்று என் முதுகில் தட்டியது நீங்கள்தான்.

நான் நின்றேன். பாஜு கூரோங் அங்கியின் உள்ளே மஞ்சள் சட்டை, கையில் பை. உம்மா முன்கூடத்தில் இருந்தார்கள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் சத்தம் கேட்டு வந்துவிடுவார்கள். அதனால் காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் ரோட்டுப் பள்ளிவாசலில் குத்பா பிரசங்கம் ஓதியது கேட்டது. தொழுகை முடிந்தது கேட்டது. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பியதும் கேட்டது. வாப்பா உள்ளே வந்தார்கள். என்னைப் பார்த்தார்கள், பையைப் பார்த்தார்கள். "பசிக்குதும்மா, சோறு போடு" என்றார்கள். போட்டேன். உள்ளே அந்தச் சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்கு உங்கள் எல்லோருக்கும் பத்திரிகை அனுப்பினேன். அதுவும் வெள்ளிக்கிழமைதான். நீங்கள் வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டீர்கள் என்று வாப்பாவிடம் சொல்லி உங்களுக்காகத் தனியாகச் சாம்பார் வைக்கச் செய்தேன். அன்றும் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணப்பெண் ஏன் வாசலையே பார்க்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டார் கேலி செய்தார்கள்.

சட்டை இருக்கிறது. தருவதாக இல்லை. பதினேழும் நல்ல எண்தான்.

சஹர் ஜாகிர்


சுங்கை வே
29 ஜூன் 2025

சஹர்,

வேன் வரவில்லை என்று உனக்கு யார் சொன்னது?

வந்தது! நம்மை ஷிப்ட்டுக்கு ஏற்றிப்போகும் பக்கிரிசாமி அண்ணன் வேன், உங்கள் தெரு முனையில், மோட்டார் சைக்கிள் பட்டறைக்குப் பக்கத்தில் நின்றது. உள்ளே பத்துப் பேர் அவிந்துகொண்டிருந்தோம். நான் உங்கள் வீட்டுப் பக்கத்து ஜன்னலோரம். "போய் எட்டிப் பாத்துட்டு வரேன்" என்று நல்லம்மாள் இறங்கப் போனாள். "உக்காருடி, யாராச்சும் பாத்து அவ வாப்பா காதுல போட்டா அவளுக்குத்தான் வம்பு" என்று பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். புஷ்பவல்லி அழவே ஆரம்பித்துவிட்டாள். இனியும் நின்றால் ஆடாமலேயே தோற்றதாகச் சொல்லிவிடுவார்கள் என்ற நிலை வந்த பிறகுதான் வேன் கிளம்பியது. கிளம்பிய பிறகும் நான் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

அந்த ஆட்டத்தைப் பற்றி உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். கையில் பந்து வந்தால் நான் என்ன செய்வேன்? கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கம் நீளமாக அடிப்பேன். அங்கே நீ இருப்பாய். அன்றும் அதையேதான் செய்தேன். முதல் பந்து யாருமில்லாத இடத்தில் விழுந்து வெளியே போனது. இரண்டாவதும் அப்படியே. "அங்க ஆள் இல்லக்கா!" என்று எல்லோரும் கத்துகிறார்கள். எனக்கும் தெரியும், ஆனால் கால் கேட்கவில்லை. கடைசி வரைக்கும் இடது பக்கமே அடித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கோலில் தோற்றோம். கிள்ளான்காரிகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நீ மனசு மாறிவிட்டாய் என்று நினைத்தேன். கல்யாணச் சேலை, நகை என்று வந்ததும் எங்களை உதறிவிட்டாய் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு உன் கல்யாணத்துக்கு வந்து நான் பிரியாணி வாசனை பிடிக்க வேண்டுமா?

சாம்பார் வைத்தது எனக்குத் தெரியாது. அதைப் படித்த நாளிலிருந்து வீட்டில் நான் சாம்பாரே வைக்கவில்லை. ஆனால் நீ அடுப்படியில் நின்றாய் என்றால், நாங்கள் முனையில் நின்றோம். ஹார்ன் அடித்தும் ஏன் வரவில்லை? அதற்குப் பதில் சொல்.

ரமணி


மேரு
8 ஜூலை 2025

ரமணி அவர்களுக்கு,

ஹார்ன் அடிக்கவில்லை.

பக்கிரிசாமி அண்ணனின் ஹார்ன் எனக்குத் தெரியாதா? ஜலதோஷம் பிடித்த வாத்து கத்துவது போல இருக்கும். இரண்டு குட்டை, ஒரு நீளம். இரவு ஷிப்ட் முடித்துச் செத்த பிணமாகத் தூங்கும்போதுகூட அதைக் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அப்படித்தான் அடிப்பார். அன்று எங்கள் தெருவில் அடிக்கவில்லை. காதுக்குள் வேறு எதையும் விடாமல் நின்றவள் நான். என்னிடம் வந்து அடித்தோம் என்று சொல்லாதீர்கள்.

இத்தனை நாளும் நீங்கள் என்னை ஏற்றாமல் போனீர்கள் என்று நினைத்திருந்தேன். வேன் முனையில் நின்றது என்று இப்போது எழுதுகிறீர்கள். அதை நம்பலாமா என்று எனக்குத் தெரியவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை, நீங்கள் எவ்வளவோ செய்வீர்கள், பொய் மட்டும் சொல்ல மாட்டீர்கள்.

அண்ணன் உயிரோடு இருந்தால் போய்க் கேளுங்கள்.

சஹர்

காலியான இடத்தில் பந்தை அடித்துக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.


சுங்கை வே
21 ஜூலை 2025

சஹர்,

உட்கார்ந்துகொண்டு படி.

பக்கிரிசாமி அண்ணன் பிரிக்ஃபீல்ட்ஸில் மகள் வீட்டில் இருக்கிறார். நேற்று போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார், கண் சரியாகத் தெரியவில்லை, ஆனால் என் குரலைக் கேட்டதுமே, "கோல் கீப்பர் ரமணியா? மெல்ல பேசு தாயி, பக்கத்து வீட்டுக்காரன் பயந்துடப் போறான்" என்றார். மகள் டீயும் வடையும் கொண்டுவந்து வைத்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அண்ணே, மெர்டேக்கா அன்னிக்கு கிள்ளான் பைனலுக்குப் போனோமே. ஜெய்னுதீன் பாய் வீட்டுக்கிட்ட ஹார்ன் அடிச்சீங்களா?"

"அது என்ன கிழமை?"

"வெள்ளிக்கிழமை. மத்தியானம், ஜும்மா நேரம்."

என்னை ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "என்னம்மா கேள்வி இது? ஜும்மா நேரத்துல பள்ளிவாசல் ரோட்டுல எவனாச்சும் ஹார்ன் அடிப்பானா? நான் வெள்ளிக்கிழமைன்னா அந்த ரோட்டுல ஹார்ன தொட்டதே இல்லலா. வாசல் வரைக்கும்கூடப் போக மாட்டேன். முனையிலயே எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு நிப்பேன். தொழுதுட்டு இருக்கறவங்களுக்கு நம்மளால தொந்தரவு வரலாமா?"

அவர் விடவில்லை.

"அந்த ரோட்டுல ஒருத்தரு என்மேல குறை சொன்னது கிடையாது. ஜெய்னுதீன் பாயே என்னைக் கூப்பிட்டு, 'பக்கிரி, உன்ன மாதிரி எல்லாரும் இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்'னு டீ வாங்கிக் குடுத்தாரு. ஆமா, இதெல்லாம் இப்ப எதுக்குக் கேக்கற?"

"சும்மாதாண்ணே. கழக மலருக்கு எழுதணும்."

"எழுது எழுது. இதையும் எழுது" என்று வடையை என் பக்கம் தள்ளினார்.

அவரிடம் எப்படிச் சொல்வேன்? நீங்கள் தொழுகிறவரை மதித்தீர்கள், அதனால் ஒருத்தி அடுப்படியிலேயே நின்றுவிட்டாள் என்று அந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? வடையைத் தின்றுவிட்டு வந்தேன். ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். என் ரயில்கள் வந்து வந்து போயின.

ஹார்ன் அடித்தாரா இல்லையா என்று எனக்கு உண்மையிலேயே நினைவில்லை, சஹர். வேனுக்குள் ஒரே கூச்சல், பாட்டு. எல்லா வீட்டிலும் அடித்துக்கொண்டே வந்ததால் உன் வீட்டிலும் அடித்ததாகவே என் காது எடுத்துக்கொண்டது போலிருக்கிறது. நீ சொன்னதுதான் சரி. நான் சொன்னதும் சரி. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

ரமணி


786
மேரு
30 ஜூலை 2025

ரமணி,

இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. ஜாகிர் பார்த்துப் பார்த்துவிட்டு, "யாரு... மவுத்து?" என்று கேட்டார். யாரும் இறக்கவில்லை என்று சொல்லிவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பந்து விளையாடினேன் என்பதே அவருக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டே இருந்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சிரித்தால் ஒரு பக்கம் மட்டும்தான் சிரிக்க வரும். அதைப் பார்த்து நானும் சிரித்தேன், பிறகு அழுகை வந்துவிட்டது.

யாரைத் திட்டுவது, நீயே சொல். வாப்பா தொழப் போகும் நேரம் என்றுதானே நான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன்? வாப்பா தொழுகிற நேரம் என்றுதானே அண்ணன் ஹார்னைத் தொடவில்லை? தொழுதவரைத் திட்டுவதா, தொழுகையை மதித்தவரைத் திட்டுவதா? இத்தனை வருடமும் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதுவாவது கையில் இருந்தது. இப்போது அதுவும் இல்லாமல் போனதும் வீடே காலியாகக் கிடப்பது போல இருக்கிறது.

உன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் விடிவெள்ளி என்று எங்காவது இரண்டு வரி வருகிறதா என்று பார்க்காமல் இருந்ததில்லை. கடையில் டிவியில் மேட்ச் ஓடும். ஆண்கள் முன்னால் உட்கார்ந்து கத்துவார்கள். நான் உள்ளே மாவு உருட்டிக்கொண்டிருப்பேன், மேஜைக்கு அடியில் என் இடது கால் தானாக ஆடும். ஒரு தடவை ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது ஃபெடரல் ஹைவேயில் சுங்கை வே போர்டைப் பார்த்து, "கொஞ்சம் மெதுவா போங்க" என்றேன். "ஏன், தலை சுத்துதா?" என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன். நிறுத்துங்கள் என்று சொல்ல தைரியம் வரவில்லை. நீ ரோட்டோரமாக எங்காவது நடந்து போவாய் என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன், பைத்தியம் மாதிரி.

ஆனால் நான் விழாவுக்கு வரவில்லை ரமணி. முட்டி தேய்ந்துவிட்டது. இவரை விட்டுவிட்டு எங்கும் போவதில்லை. பேரப்பிள்ளை எடுத்தவள் திடல் நடுவில் போய் நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சட்டையைத் தபாலில் தனியாக அனுப்புகிறேன். மெஷினில் போடாமல் கையால்தான் துவைத்து வைத்திருந்தேன். அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடு. பதினேழு நல்ல எண் என்று எழுதியது கோபத்தில். இடது பக்கம் ஓடுகிறவளுக்கு ஏழுதான் பொருத்தம்.

சஹர்


சுங்கை வே
11 ஆகஸ்ட் 2025

அடியே சஹர்,

உன் பார்சல் வந்தது. இந்தக் கடிதத்தோடு அதையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்தால் எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டிருப்பேன், பிறகு அனுப்ப மனசு வராது.

கையில் கொடுத்தால்தான் எண் மாறும். தபால்காரர் நம் அணியில் ஆடியதில்லை.

நீ சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முட்டியா? எனக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது, புஷ்பவல்லிக்கு இடுப்பு. ஓடச் சொல்லி யார் கேட்டார்கள்? ஜாகிர் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வா. பள்ளிக்கூட வேன் ஒன்றைப் பேசிவிட்டேன், சக்கர நாற்காலி தாராளமாக ஏறும். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றா? முக்காட்டைப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டு எண்பத்தொன்பதில் கிள்ளான்காரிகள் மூன்று பேரை ஒரே ஓட்டத்தில் தாண்டினவள் கேட்கிற கேள்வியா இது?

மலரில் அந்த வரியை எடுத்தாகிவிட்டது. பரமேஸ்வரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீங்களே எழுதிடுங்கக்கா" என்றார். நான் அந்த இடத்தில் பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. "எண் 7, சஹர் ஜெய்னுதீன், இடது பக்கம். இறுதி ஆட்டத்துக்குப் போகக் காத்திருந்தார். பத்துப் பேரும் அவருக்காகக் காத்திருந்தார்கள்." அவ்வளவுதான். ஹார்னைப் பற்றி ஒன்றும் போடவில்லை. மலரை அண்ணனுக்கு மகள் படித்துக் காட்டுவாள்.

அண்ணனும் வருகிறார். முன் சீட் வேண்டுமாம். "ஓட்டத்தான் முடியாது, ஹார்ன் நான்தான் அடிப்பேன்" என்று இப்போதே சண்டை. வேன்காரப் பையனிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டேன். உன் வீட்டுப் பின்வாசலில் எதற்காக அடிக்கச் சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

31-ஆம் தேதி காலையில் வேன் வரும். தெரு முனையில் நிற்காது, பின்வாசலுக்கே வரும். ஞாயிற்றுக்கிழமை. காலண்டரை நன்றாகப் பார்த்துக்கொண்டேன், ஜும்மா இல்லை.

நீ வராவிட்டால் அந்தச் சட்டை உன்னிடமே இருக்கட்டும். விஷ்ணுப்ரியாவிடம் சொல்லிவிட்டேன். "இன்னும் எவ்ளோ நாளானாலும் வெயிட் பண்றேன் ஆன்டி, பரவால்ல" என்கிறாள். அவளுக்குக் காத்திருக்க நாள் இருக்கிறது. எனக்குத்தான் இல்லை, சஹர். நான் உன்னைப் பார்க்க வேண்டும். சட்டை, மலர், ஐம்பது வருடம் எல்லாமே அதற்கு ஒரு சாக்குத்தான்.

ரமணி


786
மேரு
2 செப்டம்பர் 2025

ரமணிக்கு,

நேற்று முன்தினம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்துவிட்டு இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வாயால் சொல்ல முடியாமல் போன ஒன்று இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. ஜாகிர் மலரைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம் எல்லாம் அந்தப் பக்கத்தைக் காட்டுகிறார். என் மகள், "ஏம்மா இத எங்ககிட்ட சொல்லவே இல்ல?" என்று ஒரே சண்டை. விஷ்ணுப்ரியா சட்டையை வாங்கியதும் மோந்து பார்த்தாளே, கவனித்தாயா? அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. ஆனாலும் அதோடேயே ஆடினாள். நீ ஓரத்தில் நின்று, "இடது பக்கம்! இடது பக்கம்!" என்று கத்தியபோது, அவள் ஓடுவதற்கு முன்னால் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து சட்டை இருந்த அலமாரியைத் திறந்து பார்த்தேன். அந்த இடம் காலியாக இருந்தது, கொஞ்ச நேரம் கஷ்டமாகவும் இருந்தது.

வேனில் ஏறியதும் நீ கேட்டாய், "ஏன்டி இவ்ளோ நேரம்? அண்ணன் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியதாப் போச்சே!" முட்டி வலி என்று சொன்னேன். முட்டி வலி இல்லை.

விடியற்காலை ஸுப்ஹு தொழுத கையோடு கிளம்பி நின்றுவிட்டேன். பையை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஜாகிரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கதவோரம் தள்ளி வைத்திருந்தேன். பின்வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு ஹார்ன். அது அண்ணனின் வாத்து ஹார்ன் இல்லை, புது வேனின் சன்னமான சத்தம். ஆனால் அடித்த விதம் அதேதான். இரண்டு குட்டை, ஒரு நீளம்.

நான் எழுந்திருக்கவில்லை. ஜாகிர் நல்ல கையால் கதவைக் காட்டி, "போ... போ..." என்றார். அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை. எங்கே போய்விடப் போகிறீர்கள்? மறுபடி அடிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மறுபடி அடித்தது.

முதலில் அடித்ததை, அன்றைக்கு வாப்பா வீட்டு அடுப்படியில் பையோடு நின்றாளே ஒருத்தி, அவள் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன் ரமணி. இரண்டாவது தடவைக்குத்தான் நான் எழுந்து வந்தேன்.

சஹர்